வேர்ச்சொல்லுக்குள் நுழையும் காலம்: ஒரு நாவி மொழி வகுப்பின் மதிப்புரை

கடந்த ஆண்டின் கடைசி மூன்று மாதங்களில், வாரத்துக்கு இரண்டு மாலையாக 12 வாரம், ‘அவதார்’ படத்தின் வேற்றுக்கோள் மக்கள் பேசும் நாவி மொழிக்கான இணையவழி வகுப்பு ஒன்றில் பணம் கட்டிப் படித்தேன். அயல்நாட்டில் நான்கைந்து பேர் சேர்ந்து நடத்தும் சிறிய முயற்சி அது. அதன் குறைகளை நடத்துபவர்களுக்கே விரிவாக எழுதி அனுப்பிவிட்டேன் என்பதால் பெயரை இங்கே குறிப்பிடவில்லை. நம் பணத்தில் ஏறக்குறைய 9,000 ரூபாய்க்கு, 75 நிமிட வகுப்புகள் 24, அச்சிட்டுக்கொள்ளத்தக்க பயிற்சி நூல், ஒலிப்பதிவுகள், நாம் பேசி அனுப்பும் வீட்டுப்பாடத்தைக் கேட்டுத் திருத்தித் தரும் ஆசிரியர் ஆகியவை கிடைக்கின்றன.

இட்டுக்கட்டிய மொழிக்குக் காசு கொடுப்பார்களா என்று வீட்டில் கேட்டார்கள். மெய்ப்புத் திருத்துவது என் தொழில். விடுபட்ட ஒற்றைப் போடுவதும், வேண்டாத ஒற்றை நீக்குவதுமாக இருபது ஆண்டுகள் கழிந்துவிட்டன. புணர்ச்சி விதிகள் அனைத்தையும் ஒரே ஆள் உட்கார்ந்து வகுத்த மொழி எப்படி இருக்கும் என்று பார்க்கும் ஆசைதான் என்னை அங்கே கொண்டுபோய்ச் சேர்த்தது.

அந்த ஆள் பால் ஃப்ரோமர். தென் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தில் மொழியியலில் முனைவர் பட்டம் பெற்று, பின்னர் அதே பல்கலைக்கழகத்தின் வணிகவியல் பள்ளியில் பேராசிரியராக இருந்தவர். ஜேம்ஸ் கேமரூனின் ‘அவதார்’ படத்துக்காக 2005-இல் இம்மொழியை உருவாக்கத் தொடங்கினார். படம் 2009 டிசம்பரில் வெளியானது. படம் முடிந்த பிறகும் அவர் சொற்களையும் இலக்கண விளக்கங்களையும் வெளியிட்டுக்கொண்டே இருந்ததால் மொழி வளர்ந்தது. இலவச அகராதிகளும் இலக்கணக் குறிப்புகளும் இணையத்தில் தாராளமாகக் கிடைக்கின்றன. ஆகவே இந்த வகுப்பு விற்பது தகவலை அன்று, நம் வாயைக் கவனித்துக் கேட்கும் ஒரு காதை. அதை எவ்வளவு நன்றாக விற்கிறது என்பதே இங்கே கேள்வி.

வினைச்சொல்லில் தொடங்குகிறேன், வகுப்பும் அங்கேதான் தொடங்கியது. தமிழ் இலக்கணத்தில் காலம் காட்டும் உறுப்பை இடைநிலை என்கிறோம். ‘படித்தான்’ என்பதில் ‘படி’ பகுதி, ‘ஆன்’ விகுதி, இரண்டுக்கும் நடுவே வரும் தகர ஒற்று இடைநிலை, அதற்கு முன்னுள்ள தகரம் சந்தி. இடைநிலை எவ்வளவு நெருங்கி வந்தாலும் பகுதியின் வாசலோடு நின்றுவிடுகிறது. ‘படி’ என்ற சொல்லின் வயிற்றுக்குள் அது நுழைவதில்லை. நாவியில் நுழைகிறது. வேட்டையாடுதலைக் குறிக்கும் ‘தரொன்’ என்ற வேர்ச்சொல்லை எடுத்துக்கொள்வோம். செயல் முடிந்துவிட்டது என்று காட்டும் ஒட்டு ‘ஒல்’. அது சொல்லின் முன்னும் வராது, பின்னும் வராது; முதல் மெய்யான தகரத்துக்கும் அதை அடுத்த அகரத்துக்கும் நடுவில் புகுந்து ‘தொலரொன்’ ஆகிறது. இறந்த காலத்துக்கு ‘அம்’ புகுந்தால் ‘தமரொன்’, எதிர்காலத்துக்கு ‘அய்’ புகுந்தால் ‘தயரொன்’, சற்று முன்பு நடந்ததற்கு ‘இம்’ புகுந்தால் ‘திமரொன்’. இறந்த காலமும் தொடர்நிலையும் சேர்ந்து வர வேண்டுமானால் ‘அர்ம்’. அப்போது சொல் ‘தர்மரொன்’ ஆகும். தருமரும் வேட்டைக்குப் போயிருந்தார் என்று எண்ணிச் சிரித்துக்கொண்டேன். அந்த வடிவம் இன்றுவரை மறக்கவில்லை.

பெரும்பாலான பாடநூல்கள் இந்த ஒட்டுகளையெல்லாம் ஒரே அட்டவணையில் அடுக்கி முதல் நாளிலேயே நம்மை மிரட்டும். இவர்கள் நான்காம் வாரம் வரை அட்டவணையைக் கண்ணில் காட்டவில்லை. முதல் வகுப்பில் ஆசிரியர் ஒரு சொல்லைத் திரையில் போட்டு, அதில் இரண்டு இடங்களில் புள்ளி வைத்தார். நாவி அகராதிகளிலும் அப்படித்தான் குறிக்கிறார்கள்: ஒட்டுகள் புகும் இடங்கள் கடைசி இரண்டு அசைகளின் உயிர்களுக்கு முன்னால் உள்ளவை, அவற்றைப் புள்ளிகள் காட்டும். பிறகு அவர் ஓர் ஒட்டைச் சொல்வார், நாம் முழுச் சொல்லையும் உடனே சொல்ல வேண்டும். யோசிக்க நேரம் இல்லை. பத்து நிமிடத்தில் நாக்கு தானாகவே சொல்லைப் பிரித்து மூடக் கற்றுக்கொண்டுவிட்டது. இது வகுப்பின் மிகச் சிறந்த பகுதி. இதற்காக மட்டுமே பாதிக் கட்டணத்தைக் கொடுக்கலாம்.

தமிழில் எழுதிப் பழகியவருக்கு இங்கே ஒரு தொல்லையும் ஒரு நன்மையும் ஒருசேர வருகின்றன. ரோமன் எழுத்தில் தகரமும் அகரமும் தனித்தனியே நிற்பதால் நடுவில் எதையும் செருகலாம். நம் எழுத்தில் ‘த’ என்பது ஒரே வடிவம். கதவு தெரியாத சுவர். ஆனால் பள்ளிக்கூடத்தில் ‘த = த் + அ’ என்று பிரித்து எழுதிய பழக்கம் நமக்கு உண்டல்லவா? அதையே நோட்டில் செய்தேன்: த் + அரொன், நடுவே ஒல், மூடினால் தொலரொன். உடன் படித்த அயல்நாட்டவர் சிலர் ஒட்டு எங்கே புகும் என்று மூன்று வாரம் தடுமாறினார்கள். உயிர்மெய்யைப் பிரிக்கத் தெரிந்தவருக்கு அந்தத் தடுமாற்றம் ஒரு மாலையில் தீர்ந்துவிடுகிறது. சொல் முதலில் மெய்கள் கூட்டாக வந்தாலும் இதே வழிதான். புரிந்துகொள்வதைக் குறிக்கும் ‘த்ஸ்லம்’ என்பதில் ஒட்டு உயிருக்கு நேர் முன்னால் புகுவதால் முன்னுள்ள மெய்க்கூட்டம் கலையாமல் ‘த்ஸ்லொலம்’ ஆகிறது. ‘புரிந்துவிட்டது’ என்று நாம் சொல்லும் இடத்தில் எல்லாம் வகுப்பில் இதைச் சொன்னோம். பொய்யாகச் சொன்ன நாட்களும் உண்டு.

இப்படி வேருக்குள் நுழையும் ஒட்டு ஃப்ரோமரின் கற்பனையில் மட்டும் உள்ளதன்று. பிலிப்பைன்ஸின் தகலோக் மொழியில் எழுதுவதைக் குறிக்கும் ‘சுலத்’ என்பது ‘சுமுலத்’ என்றும் ‘சினுலத்’ என்றும் திரிகிறது. வகுப்பில் ஒரு மணிலாக்காரர் இருந்தார். வினைப்பாடத்தில் அவரை முந்த யாராலும் முடியவில்லை.

இரண்டாவது புள்ளியில் வருபவை இன்னும் சுவையானவை. அங்கே காலம் வராது, பேசுபவரின் மனநிலை வரும். மகிழ்ச்சியோடு சொன்னால் ‘எஇ’, எரிச்சலோடு சொன்னால் ‘ஆங்’ என்பதை ஒத்த, நம்மிடம் சரியான எழுத்தில்லாத ஓர் ஒட்டு, சடங்கு மரியாதையோடு சொன்னால் ‘உய்’, நேரில் காணாமல் ஊகித்துச் சொன்னால் ‘அத்ஸ்’. பயிற்சி நூல் இவற்றை ஆங்கிலத்தில் விளக்கத் திணறுகிறது. ஒவ்வொன்றுக்கும் அடைப்புக்குறிக்குள் நீண்ட குறிப்பு எழுதி வைத்திருக்கிறார்கள். தமிழில் அந்தக் குறிப்பே தேவையில்லை. ‘வந்து தொலைத்தான்’ என்பதில் வரும் ‘தொலை’ எதையும் தொலைக்கவில்லை, எரிச்சலை மட்டுமே காட்டுகிறது. ‘எழுந்தருளினார்’ என்பதில் வரும் ‘அருள்’ மரியாதையைக் காட்டுகிறது. ‘வந்தான் போலும்’ என்றால் நாம் கண்ணால் பார்க்கவில்லை. நாம் துணைவினையாலும் இடைச்சொல்லாலும் செய்வதை நாவி ஓர் அசையில் முடித்துவிடுகிறது. மகிழ்ச்சிக்கு மட்டும் நம்மிடம் இதைப்போல ஒரு துணைவினை எனக்குக் கிடைக்கவில்லை. எரிச்சலுக்கு ‘தொலை’, ‘ஒழி’, ‘அழு’ என்று மூன்று உடனே வருகின்றன.

வினை எண்ணையும் இடத்தையும் காட்டாது. நானும் நீயும் அவர்களும் வேட்டையாடினாலும் ‘தமரொன்’ ஒன்றே. ஏன், ஆய், ஆன், ஆள் என்று பழகிய நமக்கு இது ஏதோ குறைவது போல இருந்தாலும், கற்பதற்கு எளிது என்பதால் வகுப்பு அதை ஒரே வாரத்தில் முடித்தது. வேற்றுமை உருபுகளுக்கும் இரண்டு வாரமே செலவிட்டார்கள், அதுவே போதும்.

இனி ஒலிக்கு வருகிறேன். இந்த வகுப்பு சறுக்கும் இடம் இதுவே.

நாவியில் மெய்கள் 20, உயிர்கள் 7, கூட்டுயிர்கள் 4. அவற்றோடு உயிரைப்போல அசையாகி நிற்கும் லகரமும் ரகரமும் உண்டு. இவற்றை முதல் வாரத்தில் பட்டியலாகக் கொடுத்துவிட்டு, ஒலிகள் ஒன்றையொன்று சந்திக்கும்போது என்ன ஆகும் என்பதைப் பயிற்சி நூலின் பின்னிணைப்புக்குத் தள்ளிவிட்டார்கள். அங்கே அவை ‘விதிவிலக்குகள்’ என்ற தலைப்பில் நான்கு பக்கத்துக்குள் அடைபட்டுக் கிடக்கின்றன. அவை விதிவிலக்குகள் அல்ல, புணர்ச்சி. ‘செய்’ என்ற பொருளில் துணைவினையாக வரும் ‘ஸி’ என்பதில் மகிழ்ச்சி ஒட்டான ‘எஇ’ புகுந்தால் ‘ஸெஇஇ’ என்று இரண்டு இகரம் மோத வேண்டும். மோதவிடாமல் நடுவே யகரம் தோன்றி ‘ஸெஇயி’ ஆகிறது. உடம்படுமெய் என்று ஒரே சொல்லில் நாம் சொல்லிவிடும் இதைப் பின்னிணைப்பு ‘மனப்பாடம் செய்க’ என்ற குறிப்போடு தருகிறது. அவ்வாறே, பேசுவதைக் குறிக்கும் ‘ப்ல்ல்தெ’ என்பதில் உயிராக நிற்கும் லகரத்துக்கு முன் ‘ஒல்’ புகும்போது அந்த லகரம் இடம்விட்டு ஓடிவிட, எஞ்சுவது ‘பொல்தெ’. ‘காசு + இல்லை’ என்பதில் உகரம் ஓடி ‘காசில்லை’ ஆவதைப் பார்த்தவருக்கு இதில் வியப்பில்லை.

வியப்பு வேறோர் இடத்தில் இருந்தது. இரண்டு உயிர்கள் அடுத்தடுத்து வந்தால் நாவி பெரும்பாலும் அவற்றை அப்படியே விட்டுவிடுகிறது. படத்தைப் பார்த்தவர்கள் அறிந்த வாழ்த்தில் வரும் ‘கமெஇஎ’ என்ற வினையை நான்கு அசையாக, நடுவில் எதுவும் சேராமல் சொல்ல வேண்டும். ‘கமெ’ வேர், ‘எஇ’ கடைசி உயிருக்கு முன் புகுந்த மகிழ்ச்சி. நான் எத்தனை முறை சொன்னாலும் ‘கமெயியெ’ என்றே வந்தது. ஒலிப்பதிவு நான்கு முறை திரும்பி வந்தது. ஆசிரியர் ஒவ்வொரு முறையும் அதே இரண்டு நொடிகளைச் சுட்டிக்காட்டினார். இரண்டு உயிர்களைத் தமிழ் வாய் சும்மா சந்திக்கவிடாது என்பதை அன்றுதான் உடம்பால் அறிந்தேன். ஒரு பக்கம் ‘ஸெஇயி’யில் யகரம் கட்டாயம், மறுபக்கம் ‘கமெஇஎ’யில் யகரம் கூடாது, எங்கே வரும், எங்கே வராது என்ற விதியை மூன்றாம் வாரமே சொல்லியிருந்தால் இரண்டு வாரம் மிச்சமாகியிருக்கும்.

அடுத்தது வல்லினம். நாவியில் ககர, தகர, பகரங்களுக்கு நாம் ‘மகன்’, ‘பதம்’, ‘கபம்’ என்னும்போது எழும் மெலிந்த ஒலி கிடையாது. சொல்லின் நடுவிலும் அவை ‘கல்’, ‘தலை’, ‘பல்’ என்பவற்றின் முதலெழுத்தைப்போல விறைப்பாகவே நிற்க வேண்டும். ஆளைக் குறிக்கும் ‘துதெ’ என்ற சொல்லை நம் வழக்கப்படி படித்தால் இரண்டாம் தகரம் தானாக மெலிந்துவிடும். மெலியக்கூடாது என்று அழுத்தினால் ‘துத்தெ’ என்று இரட்டித்துவிடும். இரண்டும் பிழை. மெலிந்த தகரத்தைக் கேட்ட ஆசிரியர், கடலோர வழக்கில் பேசுகிறீர்களோ என்று கேட்டுச் சிரித்தார். 2022-இல் வந்த இரண்டாம் படத்தில் கடலோர மக்களின் கிளைமொழி ஒன்று வருகிறது. குரல்வளையை மூடிக்கொண்டு வாய்க்காற்றை மட்டும் வெடித்துவிடும் மூன்று ஒலிகள் காட்டு வழக்கில் உண்டு. அவை உயிருக்கு முன் வரும்போது கடலோரத்தார் அவற்றை நம் மெலிந்த ஒலிகளைப்போலச் சொல்கிறார்கள். ஆனால் அந்த மாற்றம் வெடிப்பொலிக்குத்தான், சாதாரணத் தகரத்துக்கு இல்லை. ஆகவே ஆசிரியரின் பெருந்தன்மை என் பிழையைச் சரியாக்கிவிடவில்லை. மேலும் ‘துதெ’யில் அழுத்தம் முதலசையில் விழுந்தால் ஆள், இரண்டாம் அசையில் விழுந்தால் பெண். சொல்லழுத்தத்தால் பொருள் மாறாத மொழியிலிருந்து போகிறவர் இதற்கென்று தனியாகக் காதைத் தயார்செய்துகொள்ள வேண்டும். வகுப்பில் அதற்குப் பயிற்சி இரண்டே இரண்டு இருந்தது.

மென்மையாதல் என்று நான் பெயர் வைத்துக்கொண்ட விதிதான் ஒலியியலின் உச்சம். சில சொற்களுக்கும் முன்னொட்டுகளுக்கும் பின்னால் வரும் சொல்லின் முதல் மெய் இளகிவிடும்: பகரம் ஃபகரமாகும், தகரம் ஸகரமாகும், ககரம் ஹகரமாகும், வெடிப்பொலிகள் சாதாரண வல்லினமாகும், சொல் முதலில் குரல்வளை அடைப்பு இருந்தால் அது மறைந்தேவிடும். வீட்டைக் குறிக்கும் ‘கெல்கு’, ‘வீட்டில்’ என்று பொருள்படும்போது ‘மி ஹெல்கு’. நம்மவர் பலர் வாயில் ‘மகன்’ என்பது ‘மஹன்’ என்று ஒலிப்பதை நினைத்துக்கொண்டால் ககரத்துக்கு இது பழகிய வழிதான். ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. நம் வல்லினம் சூழலில் உள்ள ஒலியைப் பார்த்து மெலிகிறது. நாவியின் மெய் முன்னே நிற்கும் சொல் எது என்று பார்த்து இளகுகிறது. ‘மி’ என்பதும் உயிரில் முடிகிறது, ‘வீட்டுக்கு’ என்னும்போது வரும் ‘நெ’ என்பதும் உயிரில் முடிகிறது. எனினும் ‘நெ கெல்கு’ இளகாமல் நிற்கும். வெல்ஷ் மொழியில் இவ்வகை மாற்றங்கள் உண்டு என்று ஆசிரியர் சொன்னார். பன்மை முன்னொட்டும் இளக்கும் ஆற்றல் கொண்டது. ‘துதெ’யின் பன்மை ‘அய்ஸுதெ’. இளகிய ஒலியே பன்மையைக் காட்டிக்கொடுத்துவிடுவதால் முன்னொட்டைக் கழற்றிவிட்டு ‘ஸுதெ’ என்று மட்டும் சொன்னாலும் மக்கள் என்றே பொருள். இந்தச் சிக்கனம் எனக்கு மிகவும் பிடித்தது.

வினையையும் ஒலியையும் வெவ்வேறு பெட்டியில் வைத்ததன் விலையை ஒன்பதாம் வாரம் கொடுத்தோம். மொழிபெயர்க்கத் தந்த பத்தியில் ‘மி ஸிதுஸரொன்’ என்று ஒரு தொடர் வந்தது. வகுப்பில் இருந்த பதினோரு பேரும் அகராதியில் ஸகரத்தைத் தேடினோம்; சொல் இல்லை. மணிலாக்காரரும் கைவிட்டுவிட்டார். மெய்ப்புத் திருத்தும் பழக்கத்தில் நான் நோட்டில் பின்னிருந்து முன்னாகப் பிரித்தேன். ‘மி’ முன்னே நிற்பதால் ஸகரம் இளகிய தகரம், ஆகவே ‘திதுஸரொன்’. தொடக்கத்தில் உள்ள ‘தி’ பெயராக்கும் முன்னொட்டு. மிஞ்சும் ‘துஸரொன்’ என்பதில் ‘உஸ்’ என்ற எச்ச ஒட்டு. அதை எடுத்துவிட்டுக் கதவை மூடினால் நம் பழைய ‘தரொன்’. வேட்டையாடுதலில் என்று பொருள். ஒரே சொல்லில் வினைத் திரிபும் ஒலித் திரிபும் இப்படிப் பின்னிக் கிடக்கும்போது, ஒன்றை முதல் வாரத்திலும் மற்றொன்றைப் பின்னிணைப்பிலும் வைப்பது, பகுபத உறுப்புகளில் சந்தியையும் விகாரத்தையும் கிழித்தெறிந்துவிட்டு மற்றவற்றை மட்டும் கற்பிப்பது போலாகும்.

தொழில்நுட்பத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். காணொலிக் கூட்டத்துக்கு அவர்கள் பயன்படுத்தும் மென்பொருளில் இரைச்சலை வடிகட்டும் வசதி எப்போதும் இயங்கிக்கொண்டிருந்தது. அது மின்விசிறிச் சத்தத்தோடு சேர்த்துக் குரல்வளை அடைப்பையும் வெடிப்பொலிகளையும் விழுங்கியது. ஆசிரியர் வெடித்துக் காட்டும் ஒலி எங்களுக்கு ஒரு சிறு மௌனமாகவே வந்து சேர்ந்தது. ஆறாம் வாரம் ஒருவர் கண்டுபிடித்துச் சொன்ன பிறகே வடிகட்டியை நிறுத்தினார்கள். பயிற்சி நூலோடு வரும் ஒலிப்பதிவுகள் தெளிவானவை, ஆனால் அனைத்தும் ஒரே ஆண்குரல். வீட்டுப்பாடத் திருத்தம் இரண்டு நாளுக்குள் தவறாமல் வந்தது. பொத்தாம்பொதுவாக நன்று என்று எழுதாமல், எந்த நொடியில் எந்த ஒலி பிசகியது என்று குறித்து, சரியான ஒலிப்பைத் தாமே பேசி அனுப்பினார் ஆசிரியர். இந்த உழைப்புக்கு 9,000 ரூபாய் குறைவு என்றே சொல்வேன்.

சேர விரும்புகிறவர்கள் முதல் வகுப்புக்கு முன்பே பயிற்சி நூலின் கடைசி நான்கு பக்கங்களை அச்சிட்டு மேசையில் ஒட்டிக்கொள்ளலாம். நான்காம் வாரம் வரும் அட்டவணையை அதன் பக்கத்தில் ஒட்டினால் எந்த ஒட்டு எந்த ஒலியில் மோதுகிறது என்பது பார்வையிலேயே பிடிபடும். தெளிவான ஒலிவாங்கி வேண்டும். கைபேசியோடு வரும் சாதாரணக் காதணி போதவில்லை. அடுத்த நிலை வகுப்பு தொடங்கவிருப்பதாகச் சென்ற வாரம் மடல் வந்தது. புதிய பாடத்திட்டத்தில் மென்மையாதல் இரண்டாம் வாரத்துக்கு நகர்ந்திருக்கிறது, உடம்படுமெய் மட்டும் இன்னும் பின்னிணைப்பிலேயே இருக்கிறது. பணம் கட்டிவிட்டேன்.